மினுங்கிற அம்மா

போன வாரம் செவ்வாய்க்கிழமை, நயாகராவில் பிளாஸ்ரிக் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு படகு வரிசையில் நின்றேன். நாற்பது நிமிடம். வெயில் வேறு.

எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடமாகிறது. லண்டனிலிருந்து வந்தவர்களைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். பாரிசிலிருந்து வந்தவர்களை... சிட்னியிலிருந்து வந்தவர்களை... கொழும்பிலிருந்து வந்து, "இவ்வளவுதானோ?" என்று கேட்ட மனிதரையும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். தண்ணீர் மேலேயிருந்து கீழே விழுகிறது. இதை ஒருமுறை பார்த்தால் போதாதா?

போதாது. நம் வீட்டுக்கு யார் வந்தாலும் அடுத்த நாள் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "நயாகரா காட்டியாச்சோ?" சாப்பிட்டார்களா, நித்திரை கொண்டார்களா என்று கேட்க ஆளில்லை. காட்டாவிட்டால் நீங்கள் சொந்தக்காரரே இல்லை.

இந்தமுறை வந்தது என் தம்பி குடும்பம். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் டென்மார்க்கிலிருந்து. தம்பி ரவி, அவன் மனைவி சுகந்தி, பதின்மூன்று வயது மகள் அனிகா. அவர்கள் நயாகரா பார்க்க வரவில்லை. ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க வந்தார்கள்.

பிள்ளையின் பெயரை எழுத மாட்டேன். அது அவளுடைய விஷயம், பத்திரிகையின் விஷயம் இல்லை. சின்னவள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வயது. சுகந்தியின் ஒன்றுவிட்ட தங்கையின் மகள். அந்தத் தங்கை இங்கே ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கம் இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் நோயில் இறந்துபோனாள். தகப்பன் அதற்கு முன்பே போய்விட்டார். சாகவில்லை. போய்விட்டார். அதன்பிறகு சின்னவள் ரூஜ் பக்கம் ஒரு வீட்டில், மன்னாரைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் பொறுப்பில் வளர்கிறாள். நிரந்தரமாக ஒரு குடும்பம் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்கிற வீடு அது.

"ரொறன்ரோவிலேயே இருக்கும் நீ ஏன் எடுக்கவில்லை?" என்று வாசகர்களில் நாலு பேராவது கேட்பீர்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இவையெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானாகக் கேட்கவும் இல்லை. சுகந்தி கேட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் கேட்டு மூன்று வருடம் ஆகப்போகிறது. தங்கை படுக்கையில் இருந்தபோதே தொடங்கிய வேலை. இரண்டு நாட்டுக் காகிதங்கள், இரண்டு நாட்டு அலுவலகங்கள். கடைசியில் எல்லாம் சரிவந்து, முதல் சந்திப்பு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது. ஒரு மணித்தியாலம். அதற்கு முன் ஒரு வாரம் நேரத்தோடு வந்துவிடுங்கள் என்று சொன்னவர் சின்னவளின் விவகாரத்தைக் கவனிக்கும் அலுவலர், ஒரு கனடியப் பெண். நேர மாற்றத்தின் களைப்புத் தீரட்டும், ஊர் சுற்றிப் பாருங்கள், நித்திரை இல்லாத முகத்தோடு பிள்ளைக்கு முன்னால் வராதீர்கள் என்றாராம்.

அதாவது, என்னுடைய நயாகரா இந்தமுறை அரசாங்க உத்தரவு.

இன்னொன்றையும் அந்த அலுவலர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை சின்னவள் பயந்தால், வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், அத்தோடு நிறுத்திவிடுவார்கள். யாரும் அவளைத் தள்ள மாட்டார்கள். குடும்பம் டென்மார்க்குக்குத் திரும்ப வேண்டியதுதான். பிறகு மாதக் கணக்கில் பொறுத்து, மறுபடி முயற்சி செய்யலாம். செய்யாமலும் விடலாம்.

படகு அருவிக்கு அருகில் போனது. ரவி வீடியோ எடுத்தான். அனிகா தன் கைபேசியை நனையாமல் மழைக்கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள். சுகந்தி தண்ணீரைப் பார்க்கவே இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு சீனக் குடும்பம். அதில் நாலைந்து வயதில் ஒரு பெண்குழந்தை. தாயின் கால்களைக் கட்டிக்கொண்டு நின்றது. சுகந்தியின் கண் அந்தக் கைகளிலேயே இருந்தது.

"மச்சாள்," என்றாள் என்னிடம். அருவிச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "அவள் என்னட்டை வராட்டி?"

"வருவாள்."

"வராட்டி?"

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "வராட்டித் திரும்பிப் போவீர். அதுக்கு இப்ப என்ன செய்யிறது? அருவியைப் பாரும். மினக்கெட்டு வந்திருக்கிறம்," என்றேன்.

திரும்பும் வழியில் கோப்பிக் கடை ஒன்றில் நிறுத்தினேன். அங்கேதான் அனிகா அந்தப் புத்தகத்தைக் காட்டினாள்.

தத்தெடுக்கும் குடும்பம் பிள்ளைக்கு முன்கூட்டியே ஒரு சின்னப் படப் புத்தகம் செய்து அனுப்ப வேண்டும். இது அம்மா, இது அப்பா, இது அக்கா, இது உன் கட்டில் என்று. பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்து முகங்களைப் பழகிக்கொள்ளும். வேறு பிள்ளைகளுக்கு வீடியோவில் பேசிப் பழக்குவார்கள். சின்னவளுக்கு அது வேண்டாம் என்று அலுவலர் சொல்லிவிட்டார். அவள் தன் தாயைக் கடைசியாகப் பார்த்தது ஒரு ஃபோன் திரையில். அன்றிலிருந்து திரையில் யாராவது பேசினால் அறையை விட்டு ஓடிவிடுவாளாம். ஆகவே புத்தகம் மட்டும்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அனுப்பியாகிவிட்டது.

"மாமி, யூ ஹாவ் டு சீ திஸ்," என்று அனிகா தன் கைபேசியை என் முன்னால் வைத்தாள். "நான் வேண்டாம் எண்டு சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை."

முதல் பக்கம். கீழே பெரிய எழுத்தில் ‘இது சுகந்தி அம்மா’. மேலே ஒரு பெண். அரக்குக் காஞ்சிபுரம், ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, முழங்கைவரை வளையல். முழங்கால்வரை ஒரு பின்னல், அதைச் சுற்றி மல்லிகை. முகத்தில் ஒரு விரல் பருமனுக்குப் பூச்சு. யாரோ கலியாண வீட்டில் எடுத்தது. எனக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுகொண்டிருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். ஜீன்ஸ், கசங்கிய ரீசேர்ட், படகில் நனைந்து தலையோடு ஒட்டிய கட்டை மயிர்.

இரண்டாம் பக்கம் என் தம்பி. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, பின்னால் ஒரு நீளமான வெள்ளைக் கார். வாடகைக் கார்.

மூன்றாம் பக்கம் அனிகா. அவள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் எடுத்தது. அன்னப்பறவை வடிவத்தில் ஒரு சிம்மாசனம், அதன் நடுவே இவள்.

"ஐ லுக் லைக் எ கேக்," என்றாள் அனிகா.

நான்காம் பக்கம் வீடு. அதே சடங்குக்காக மேலிருந்து கீழ்வரை மின்விளக்குப் போட்ட வீடு.

நான் சிரித்தேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசையில்தான் வரும்.

"உமக்கென்ன விசரோ?" என்று சுகந்தியைக் கேட்டேன். "பிள்ளைக்குக் குடும்பத்தைக் காட்டச் சொன்னால் நீர் நகைக்கடை விளம்பரம் அனுப்பியிருக்கிறீர்."

"நல்ல படம்தானே மச்சாள் அனுப்ப வேணும்."

"தினசரி வாழ்க்கைப் படம் எண்டுதானே கேட்டிருப்பினம்?"

"ஓம்... அப்பிடித்தான் கேட்டவை. ஆனா நைற்றியோட குசினிக்கை நிக்கிற படத்தையோ அனுப்பிறது?"

"அக்கா, விடுங்கோ. எல்லாரும் உப்பிடித்தானே," என்றான் ரவி.

அவன் சொன்னதில் பொய்யில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அன்று வீட்டுக்கு வந்து என் வரவேற்பறைச் சுவரைப் பார்த்தேன். ஏழு படங்கள். ஏழிலும் சீலை, நகை, பூச்சு. முப்பது வருடமாகக் காலை ஐந்தரைக்கு எழும்பிக் கனத்த ஜாக்கெற்றோடு பஸ் ஓட்டுகிற ஒருத்தி இந்த வீட்டில் இருப்பதற்கு அந்தச் சுவரில் ஒரு சாட்சியும் இல்லை. உங்கள் சுவரையும் போய்ப் பாருங்கள். நாம் வாழ்கிற முகம் ஒன்று, மாட்டுகிற முகம் ஒன்று. வெள்ளைக்காரர் சமைக்கும்போதும் எடுக்கிறார்கள், நாயோடு உருளும்போதும் எடுக்கிறார்கள். நமக்கோ, ‘பொறு பொறு, தலை இழுத்துவிட்டு வாறன்’.

இந்த இடத்தில் சுகந்திக்காக ஒன்று சொல்ல வேண்டும். அன்றிரவுச் சாப்பாட்டின்போது அவளாகவே சொன்னது.

"மூண்டு வருஷமாச் சோதிச்சவை மச்சாள். வீடு பாத்தவை. ரத்தம் பாத்தவை. நாங்கள் சண்டை பிடிக்கிறனாங்களோ, பிடிச்சால் எத்தினை நாளைக்குக் கதைக்காமல் இருப்பம் எண்டெல்லாம் கேட்டவை. கடைசியாப் பிள்ளைக்குக் காட்டப் படம் எண்டு கேட்டினம். இனிப் பிள்ளையும் சோதிக்கப்போகுது எண்டு நினைச்சன். அதுதான் என்னட்டை இருக்கிறதிலை திறம் படமாப் பாத்து அனுப்பினன்."

நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக் கொடுத்தேன்.

புதன்கிழமை கோபுரம். ரொறன்ரோவின் அந்த உயரமான கோபுரம்தான், வேறெது. மேலே ஓரிடத்தில் தரை கண்ணாடி. கீழே தெருவில் கார்கள் எறும்பு மாதிரித் தெரியும். ரவியும் அனிகாவும் அதில் படுத்துப் படம் எடுத்தார்கள். சுகந்திக்கு உயரம் பயம். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அப்போது அவளுடைய ஃபோன் அடித்தது. அலுவலர். வெள்ளிக்கிழமை விவரங்களைச் சொல்லத்தான் எடுத்தார். கடைசியில், சாதாரணமாகக் கேட்பதுபோல, வீட்டில் சுகந்தி எப்படி உடுத்துவாள் என்று கேட்டார். ஏன் என்று சுகந்தி கேட்டாள்.

சின்னவள் அந்தப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் படுக்கிறாளாம். முதல் பக்கம் கிழிந்து, இரண்டுதரம் ஒட்டியாகிவிட்டதாம். பாலர் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். என்னைக் கூட்டிப் போக ஒரு மினுங்கிற அம்மா வாறா என்று. மன்னார்ப் பெண் எவ்வளவு சொல்லியும், அம்மா எந்த நேரமும் அப்படி இருக்கமாட்டா என்பதை அவள் ஏற்கிறாளில்லையாம். மினுங்காமல் வந்தால் அது வேறு ஆள் என்கிறாளாம்.

நீங்கள் இருக்கிறபடியே வாருங்கள், நாங்கள் பிள்ளையோடு பேசிப் பார்க்கிறோம் என்று சொல்லி அலுவலர் ஃபோனை வைத்துவிட்டார்.

சுகந்தி கண்ணாடித் தரையின் நட்டநடுவில் நின்றாள். எப்போது நடந்து அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்று பின்னேரம் என் வீட்டில் ஒரு மாநாடு. ரவிக்கு எல்லாவற்றுக்கும் ஒரு தீர்வு உண்டு.

"அக்கா, உங்களிட்டைச் சீலை இருக்குத்தானே? நகையும் இருக்குத்தானே? ஸ்காபரோவிலை மேக்கப் போடுற பிள்ளையள் தெருவுக்கு ரெண்டு பேர். வெள்ளி விடிய ஒராளை வரச்சொல்லுவம்."

"எங்கை போறதுக்கு?"

"மீற்றிங்குக்கு."

"டேய், அது ஒரு கவுண்மென்ற் ஒஃபிஸ். கலியாண ஹோல் இல்லை."

"பிள்ளை கேக்குதல்லோ?"

"சரி, பூசிக்கொண்டு போறாள் எண்டு வை. பிள்ளையும் வந்திட்டுது எண்டு வை. இரவைக்கு முகம் கழுவோணும் எல்லே? கழுவினாப்பிறகு ஆர் நிக்கப்போறது?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அந்தப் பிள்ளைக்கு ஒரு தாய் ஏற்கெனவே இல்லாமல் போச்சு. ரெண்டாவது தாயும் ராவோடை ராவா மாறிப்போனால் அது என்னெண்டு நினைக்கும்? ஒருக்கா ஏமாத்தியாச்சு. இன்னொருக்காவும் ஏமாத்தச் சொல்லுறியோ?"

அனிகா, "மாமி இஸ் ரைட்," என்றாள். சுகந்தி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை மிருகக்காட்சிச்சாலை. ஒட்டகச்சிவிங்கி, கரடி, வரிசை, ஐஸ்கிறீம். அங்கே தெரிந்த ஒரு அம்மா எதிர்ப்பட்டார். எங்கள் பஸ்ஸில் வரும் ஒரு பையனின் தாய். விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பது வீண். இது ஸ்காபரோ, தமிழரின் ஊர்.

சுகந்தியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சொந்தத்திலை ஒண்டு இருக்கேக்கை ஏன் தங்கச்சி வீண் கரைச்சல்? உதுகள் வளந்தாப்பிறகு ஆரின்ரை குணம் வருமோ ஆருக்குத் தெரியும்," என்றார்.

"உங்கடை மகன் போன மாசம் என்ரை பஸ் சீற்றைக் கத்தரிக்கோலாலை வெட்டினவன். அவன் உங்கடை சொந்தம்தானே? அது ஆரின்ரை குணம்?" என்று கேட்டேன்.

அவர் கரடி பார்க்கப் போய்விட்டார். அனிகா சிரித்துச் சிரித்து அன்று முழுவதும் என் கையை விடவில்லை. சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. ஐஸ்கிறீம் அவள் கையிலேயே உருகியது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால் ஒரு இளம்பெண், கையில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி.

"குட் மோர்னிங் அன்ரி. கலியாணப் பொம்பிளை எங்கை?"

"எந்தப் பொம்பிளை?"

"மேக்கப்புக்கு வரச்சொன்னவை. பிறைடல் பக்கேஜ். எந்த ஹோலிலை ஃபங்ஷன்?"

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. ரவியைத் தேடினேன். அவன் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். கதவில் அடித்தேன். "நானில்லை அக்கா! சத்தியமா நானில்லை!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

சுகந்தி படியிறங்கி வந்தாள். தலை குளித்திருந்தாள். "நான்தான் வரச்சொன்னனான், மச்சாள். உங்கடை அரக்குச் சீலையை ஒருக்காத் தாங்கோ."

"நான் அண்டைக்குச் சொன்னது உம்மடை காதிலை விழேல்லையோ?"

"விழுந்தது."

"பிறகு?"

"மச்சாள்," என்றாள். குரல் உயரவில்லை. "ஒருக்காச் சும்மா இருங்கோ."

பதினாறு வருடமாக எனக்கு மச்சாளாக இருப்பவள். ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. சீலையைக் கொடுத்தேன். நகைப் பெட்டியையும் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பின்வளவில் போய் நின்றேன். கோபத்தில் பூக்கன்றுகளுக்கு அளவில்லாமல் தண்ணீர் விட்டதில் இரண்டு சரிந்துவிட்டன.

ஒன்பதரைக்கு அந்தப் படத்திலிருந்த பெண் என் வான் வண்டியின் முன்சீற்றில் ஏறி உட்கார்ந்தாள். ஒட்டியாணம் இடித்ததில் பெல்ற் பூட்ட முடியவில்லை. பின்னல் கதவில் மாட்டியது. வழியில் ஒரு சந்தியில் சிவப்பு விளக்கு. பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நான் நேரே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

அலுவலக வாசலில் இறங்கி அவர்கள் மூவரும் உள்ளே போனார்கள். எனக்கு அனுமதி இல்லை. முன்கூடத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்தேன்.

காத்திருப்பது என் தொழிலில் பாதி. பள்ளிக்கூட வாசலில் எத்தனை மணித்தியாலம் காத்திருந்திருக்கிறேன். ஆனால் இது வேறு. பதினொரு மணி ஆனது. ஒரு மணித்தியாலம் முடிந்துவிட்டது. யாரும் வரவில்லை. பதினொன்று பத்து. உள்ளே எங்கேயோ ஒரு பிள்ளையின் கீச்சென்ற அலறல் கேட்டது. ஒரேயொரு தடவை. நான் எழுந்து நின்றேன். வரவேற்பு மேசைப் பெண் என்னைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தேன்.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது.

சுகந்தி வந்தாள். ஒரு கண்ணில் மை, மற்றக் கண்ணில் இல்லை. அது கன்னம் முழுவதும் இழுபட்டுக் கறுப்பாக இருந்தது. உதட்டுச் சாயம் காதுவரை போயிருந்தது. நெற்றிச்சுட்டி இல்லை, பூ இல்லை, பின்னல் இல்லை. சீலை மட்டும் அப்படியே. பின்னால் ரவி ஒரு கடதாசிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

முடிந்தது என்று நினைத்தேன். பிள்ளை வரவில்லை. இவள் அழுது முகத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறாள். ‘நான் அண்டைக்கே சொன்னனான்’ என்ற வசனம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதை நான் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் என் நல்ல குணம் இல்லை. அனிகா முந்திவிட்டாள்.

"மாமி! ஓ மை கோட், மாமி, நீங்கள் பாத்திருக்கோணும்!"

வானில் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சின்னவள் முதலில் வாசலில் நின்று பார்த்தாளாம். புத்தகத்தைப் பார்த்தாளாம், சுகந்தியைப் பார்த்தாளாம். மறுபடி புத்தகத்தை. பிறகு மெல்ல வந்து ஒரு விரலால் ஒட்டியாணத்தைத் தொட்டாளாம். இதுவரை ரவியின் திட்டமும் சரிதான்.

"அப்ப அம்மா கீழை இருந்திட்டா, மாமி. ஃப்ளோரிலை. இருந்துகொண்டு, ‘எனக்கு உதெல்லாம் சரியான பாரம். கழட்ட உதவி செய்வீங்களோ?’ எண்டு கேட்டா."

முதலில் வளையல். ஒவ்வொன்றாக. சின்னவள் எண்ணிக்கொண்டே கழற்றினாளாம். கழற்றியதைத் தன் கையில் போட்டுக்கொண்டாளாம். பிறகு சுட்டி, அட்டியல், பூ. அதன்பிறகு பின்னலைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அது பொய் முடி. முழுதாகக் கையோடு வந்துவிட்டது.

"ஷீ ஸ்க்றீம்ட்! ‘தலைமயிர் கழண்டுட்டுது!’ எண்டு கத்தினாள். அந்த அலுவலர் அன்ரியும் ஓடி வந்திட்டா. நான் நினைச்சன், ஓகே, தற்ஸ் இற், முடிஞ்சுது. ஆனா அம்மா தன்ரை கட்டைத் தலையை ஆட்டிக் காட்டினா. அதுக்குப் பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். விக்கல் வருமட்டும் சிரிச்சாள், மாமி."

சுகந்தி கைப்பையில் ஈரத்தாள் கட்டு ஒன்று கொண்டுபோயிருக்கிறாள். அதைப் பிள்ளையின் கையில் கொடுத்து முகத்தை நீட்டியிருக்கிறாள். சின்னவள் கன்னத்தைத் துடைத்து, உதட்டைத் துடைத்து, ஒரு கண்ணைத் துடைத்து... உதட்டுக்குக் கீழே, நாடியில் வந்து நின்றுவிட்டாளாம். பூச்சுக்குக் கீழே ஒரு தழும்பு. இரண்டு அங்குல நீளம். பார்த்துப் பழகியதில் எனக்கே அது கண்ணில் படுவதில்லை.

"உது என்ன?"

"சின்னனிலை விழுந்தனான்."

"நோகுதோ?"

"இப்ப நோகாது."

சின்னவள் அந்த இடத்தை மட்டும் மிக மெதுவாகத் துடைத்தாளாம். மற்றக் கண்ணுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அலுவலரே அரை மணித்தியாலம் கூடுதலாக விட்டிருக்கிறார்.

போகும்போது சின்னவள் கேட்டிருக்கிறாள். "நாளைக்கும் வருவீங்களோ?"

"வருவன்."

"உப்பிடியோ?"

"ஓம். இந்த முகத்தோடைதான்."

சின்னவள் கொஞ்சம் யோசித்தாளாம். பிறகு, "ஓகே. ஆனா அந்தத் தலைமயிரையும் கொண்டு வாங்கோ," என்றாளாம்.

நான் வானை எடுத்தேன். சந்தியில் மறுபடி சிவப்பு விளக்கு. பக்கத்துக் கார்க்காரன் சுகந்தியின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டான். அவள் அவனுக்குக் கை காட்டினாள்.

"என்னெண்டு உது தோணினது உமக்கு?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே மச்சாள் கேட்டனீங்கள், கழுவினாப்பிறகு ஆர் நிக்கப்போறது எண்டு. அதை நாலு பேருக்கு முன்னாலை, வெளிச்சத்திலை, அவளே கழுவிப் பாக்கட்டும் எண்டு நினைச்சன்."

சனிக்கிழமையும் போனார்கள், ஞாயிற்றுக்கிழமையும் போனார்கள். ஜீன்சும் ரீசேர்ட்டும்தான். இன்னும் மூன்று வாரம் இங்கேதான் நிற்பார்கள். நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்களாம். அடுத்த வாரம் சின்னவளை ஒருநாள் வெளியே கூட்டிப்போக அனுமதி. அவளுக்கு நயாகரா பார்க்க வேண்டுமாம். நான்தான் ஓட்டுகிறேன்.

நான் அன்று சொன்னது சரி. அவள் செய்தது அதைவிடச் சரி. இதை அவளிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பத்திரிகை வந்ததும் என் குசினியில் இருந்து புரட்டுவாள், வாசித்துக்கொள்ளட்டும்.